குழந்தையைப் பார்த்துக்க நல்ல ஆயா வேணுமா? போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் போதாது... ஏன்?

"திங்கட்கிழமை ஆபீஸ் போகணும், இன்னும் ஆள் கிடைக்கலை. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க." சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி வந்து விழும் மெசேஜ் இது. பதிலுக்கு நாலைந்து போன் நம்பர்கள் வரும். இரண்டு ஏஜென்சியுடையது. ஒன்று, ஏற்கெனவே வேறு வீட்டில் சேர்ந்துவிட்ட அக்காவுடையது.

ஏன் இந்தக் கடைசி நேர ஓட்டம்?

கணக்கைப் பார்த்தால் புரியும். 2017-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால், மீண்டும் வேலைக்குப் போகும்போது குழந்தைக்கு 18 வாரம்தான். அதாவது நாலு மாதம் சொச்சம்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. ஆனால் கைக்குழந்தையோடு தினமும் காலை டிராஃபிக்கில் சிக்கிப் போய்வருவது எத்தனை பேருக்கு முடியும்? தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்வி 2 வயதுக்கு மேல்தான். பாட்டி ஊரில் இருக்கிறார். மிச்சம் இருப்பது ஆயாதான்.

வெரிஃபிகேஷன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

ஆதார் நகல், போட்டோ, முகவரி வாங்குவது எல்லோரும் செய்வது. வீட்டு வேலைக்கு வருபவரைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தனி சேவை இருக்கிறது. ஆன்லைனில் விண்ணப்பித்தால், அவர் மீது வழக்கு உண்டா என்று தெரிந்துகொள்ளலாம். இதைத் தவிர்க்கக் கூடாது.

ஆனால் வழக்கு இல்லாதவர் என்பதும், குழந்தையை நன்றாகப் பார்ப்பவர் என்பதும் ஒன்றல்ல. இங்கேதான் பல பெற்றோர் கோட்டை விடுகிறார்கள். சான்று கையில் வந்ததும் தேர்வு முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள்.

அதைவிட உதவுவது, அவர் முன்பு வேலை பார்த்த இரண்டு வீடுகளுக்காவது போன் போடுவது. "எப்படிப் பார்த்துக்கிட்டாங்க?" என்று கேட்டால் "நல்லாத்தான்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். "திரும்ப வந்தா சேர்த்துப்பீங்களா?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஆயாவிடம் கேட்கவும் சில கேள்விகள் உண்டு. குழந்தை அழுகையை நிறுத்தவே இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? காய்ச்சல் அடித்தால்? தொண்டையில் எதையாவது விழுங்கிச் சிக்கிக்கொண்டால்? "உடனே உங்களுக்குப் போன் பண்ணுவேன்" என்பவரை நம்பலாம். "சிரப் கொடுத்தா தூங்கிடும்மா, நான் பார்த்துக்கறேன்" என்றால் உஷாராக வேண்டும், அவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, ஒரு வயதுக்குள் தேன் கூடாது, மல்லாக்கப் படுக்கவைத்தே தூங்கவைக்க வேண்டும். குழந்தை மருத்துவர்கள் சொல்லும் இந்த அடிப்படை விஷயங்களை அவரிடம் எடுத்துச் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதும் ஒரு தேர்வுதான்.

முடிந்தால் விடுப்பு முடிவதற்குப் பத்து நாள் முன்பே வரச் சொல்லி, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே பழகவிடுங்கள். அந்தப் பத்து நாளுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

"சும்மாதானே இருக்கீங்க..."

ஆயா நின்றுபோவதற்குப் பெரிய காரணம் இந்த வாக்கியம். குழந்தை தூங்கும் நேரத்தில் பாத்திரம், அப்புறம் துணி, அப்புறம் சாயங்கால டிபன். மூன்றே மாதத்தில் ஒரு சம்பளத்துக்கு மூன்று வேலை. இது அவருக்கு மட்டும் நஷ்டமில்லை. அடுப்பில் எண்ணெய் காயும்போது, தவழும் குழந்தை மேல் யார் கண் இருக்கும்?

அதனால் வேலை நேரம், என்னென்ன வேலை, வார விடுமுறை, சம்பளத் தேதி, தாமதமானால் கூடுதல் தொகை ஆகியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. வெறும் அரைப்பக்கம்தான்.

எழுதிக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணம், சட்டம் இந்த வேலையை இன்னும் முழுதாகக் கண்டுகொள்ளவில்லை. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான ஐ.எல்.ஓ.வின் 189-வது உடன்படிக்கை 2011-ல் வந்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது, ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை. இவர்களுக்கென்று தனி மத்தியச் சட்டம் இல்லை. சட்டப் பாதுகாப்பு பற்றி ஆராயக் குழு அமைக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 29-ல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

தமிழ்நாடு கொஞ்சம் முன்னால் நிற்கிறது. 2007 முதல் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. 2018-ல் மணிக்கு 37 ரூபாயில் தொடங்கும் குறைந்தபட்ச ஊதியத்தையும் அரசு நிர்ணயித்தது. ஒரு டீ, இரண்டு வடைக்கே சரியாகிவிடும் தொகை. அந்தக் கூலிக்கு நல்ல ஆயா கிடைப்பார் என்று யாரும் எதிர்பார்க்கப்போவதில்லை. சேர்ந்தவரை நல வாரியத்தில் பதிவு செய்ய நீங்களே உதவலாம்.

சிறுமிகளைப் "பாப்பாவோட விளையாட" என்று கூட்டிவந்து வைத்துக்கொள்வது குற்றம். 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைக்க 2006 அக்டோபர் 10 முதலே தடை இருக்கிறது. புகார் சொல்ல 1098.

கேமரா வைக்கலாமா?

ஹாலில் வைக்கலாம். ஆனால் சொல்லிவிட்டு வையுங்கள். ஆயா உடை மாற்றும், தூங்கும் இடத்தில் கூடவே கூடாது. ஒளித்துவைத்த கேமரா ஒருநாள் கண்ணில் பட்டால், மறுநாள் அவர் வராமல் போகலாம். குழந்தை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காரணம் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பேசி முடிக்கும்போது பெரும்பாலும் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: "நீங்க இங்க வந்துட்டா, உங்க பிள்ளையை யார் பார்த்துப்பாங்க?" மரியாதைக்காக மட்டும் கேட்பதல்ல இது. அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்று உங்கள் வீட்டுக்கு வர முடியாது. அப்படிப்பட்ட நாளில் வொர்க் ஃப்ரம் ஹோம் எடுக்கப்போவது அப்பாவா, அம்மாவா? அதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.