சால்வைக்குப் பாடம் எடுக்காதீர்கள்

சாதியைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் நம்மைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் பேச வைத்து, ஒரு சால்வை, ஒரு நினைவுப் பரிசு, பேருந்துக் கட்டணம் கொடுத்து அனுப்புகிறார்கள். அதே அரங்கில் காலையில் 'தலைமைப் பண்பு' பற்றிப் பேசியவருக்கான தொகை முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்கும். நமக்குக் கிடைப்பது பாராட்டு: "நீங்க அர்ப்பணிப்போட செய்றவங்க, பணத்தை எதிர்பார்க்க மாட்டீங்க."

தோழர்களே, இந்தப் பாராட்டுக்குப் பழைய பெயர் வெட்டி வேலை. சாவுச் செய்தி சொல்ல ஊர் ஊராக ஓடிய நம் தாத்தாக்களிடம் அதை 'ஊர்க் கடமை' என்றார்கள். முதுகலைப் பட்டம் வாங்கிய பேரப் பிள்ளைகளிடம் 'சமூக சேவை' என்கிறார்கள்.

"இயக்கத்தில் இருந்துகொண்டு காசு வாங்கலாமா?" என்று நம் ஆட்களே கேட்பதுண்டு. பாபாசாகேப் 1927-இல் மகாத் போராட்டத்தை நடத்தினார். அதே காலகட்டத்தில் பம்பாயில் பத்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டமும் கற்பித்தார். தன் படிப்பை விற்றுச் சம்பாதித்தார். தன் அரசியலை விற்கவில்லை. இந்த வேறுபாடு புரிந்தால் போதும்.

சேரி இரவுப் பள்ளியிலும், விடுதி மாணவர்களிடமும், வன்கொடுமை வழக்கு நடத்தும் குடும்பத்திடமும் ஒரு பைசா வாங்காதீர்கள். நிறுவனங்கள், நிதி பெறும் தொண்டு நிறுவனங்கள், அரசுத் துறைகள் கதை வேறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, ஊழியர்களுக்குப் பயிலரங்கு நடத்துவதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விழிப்புணர்வுப் பயிலரங்குகள் நடத்தும் பொறுப்பை மாநில அரசுக்குத் தருகின்றன. இந்தப் பயிற்சியைத் தர நம்மைவிடத் தகுதியானவர் யார்? ஆனால் அந்தப் பணத்தை வாங்குவது பெரும்பாலும் சேரிக்குள் கால் வைக்காத ஆலோசகர்கள்.

ஆகவே இதைத் தொழிலாகவே நடத்துங்கள். எல்லாத் தலைப்பும் பேசுபவராக இல்லாமல், ஒரே ஒரு சட்டத்தை விதிகளோடும் தீர்ப்புகளோடும் கரைத்துக் குடியுங்கள். பேச்சுக்கு மட்டுமல்ல, தயாரிப்பு நாட்களுக்கும் சேர்த்துக் கட்டணம் போடுங்கள். அதை எழுத்தில் கேளுங்கள், முன்பணம் வாங்குங்கள். உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. பதிவு இருந்தால், நிறுவனம் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் குறு, சிறு தொழில் சட்டம் 2006 இடம் தராது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற கொள்கை இருக்கிறது. பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் அது பொருந்தும். இடஒதுக்கீட்டைத் தெரிந்த அளவுக்கு இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் கார் வாங்குவதற்காகச் சொல்லவில்லை. வாங்கினாலும் குற்றமில்லை. "சாதின்னு சொல்ல வேண்டாம், பன்முகத்தன்மைன்னு பேசுங்க" என்று ஒரு மனிதவள அதிகாரி கேட்பார். அடுத்த மாத வாடகைக்கு அந்த ஒரு நிகழ்ச்சியையே நம்பியிருப்பவர் தலையாட்டுவார். பத்து வாடிக்கையாளர் வைத்திருப்பவர், "அப்படியென்றால் வேறு ஆளைப் பாருங்கள்" என்று எழுந்து வருவார். நம் அரசியலைக் காப்பாற்றப்போவது அந்த எழுந்து வரும் தைரியம்தான். அதற்கு வருமானம் வேண்டும்.

அடுத்த முறை கருத்தாளராக அழைப்பு வந்தால், தேதியைக் கேட்பதற்கு முன் தொகையைக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். கூலி கேட்பது நம் தாத்தாக்களுக்கு மறுக்கப்பட்ட உரிமை.

ஜெய் பீம்.