ரோடும் சாக்கடையும் நகரத்துக்கு, பணம் கட்டுவது மட்டும் காட்டுக்காரனா?



நகரம் வளருதுன்னு சொல்றாங்க. வளரட்டும், நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள், நம் தக்காளியும் தேங்காயும் அங்கேதான் விலையாகிறது. ஆனால் வளருகிற நகரம் நம் ஊராட்சியின் எல்லைக் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தோட்டத்துக்குள் வந்து நின்று, "இனிமேல் நீயும் நகரம். ரோட்டுக்குப் பணம் கட்டு, குடிநீர்க் குழாய்க்குப் பணம் கட்டு, பாதாளச் சாக்கடைக்கு டெபாசிட் கட்டு" என்று கேட்கும்போது நாம் வாய் திறக்காமல் இருக்க முடியுமா?

2025 தொடக்கத்தில் தமிழக அரசு பல மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்க்க ஆணை வெளியிட்டது. அப்போது பல ஊர்களில் ஜனங்கள் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். அவர்களை வளர்ச்சிக்கு விரோதிகள் என்று சிலர் பேசினார்கள். விரோதிகளா நாம்? கணக்குக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

வரி எப்படி ஏறுகிறது?

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி உயர்த்தப்பட்டது. சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதம், 601 முதல் 1200 வரை 50 சதம், 1201 முதல் 1800 வரை 75 சதம், அதற்கு மேல் 100 சதம். காலிமனை வரியும் இரட்டிப்பானது. ஏன் என்று கேட்டதற்கு அரசு சொன்ன காரணம் 15-வது நிதிக்குழு. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநில உற்பத்தி வளரும் வேகத்துக்கு வரி வசூலும் வளர வேண்டும், இல்லாவிட்டால் நகரங்களுக்கு மத்திய மானியம் கிடையாது என்பது அந்தக் குழு போட்ட நிபந்தனை. டில்லி சென்னையைக் கை காட்டுகிறது, சென்னை நகராட்சியைக் கை காட்டுகிறது. கடைசியில் ரசீது யார் கைக்கு வருகிறது? நம் கைக்குத்தான்.

இதற்கு மேல் சாலைக்கும் குழாய்க்கும் சாக்கடைக்கும் என்று தனித்தனியாக வாங்கும் தொகைகள். பாதாளச் சாக்கடைத் திட்டம் என்றால் வீட்டுக்காரர் பங்கு என்று ஒரு வைப்புத்தொகை, பிறகு இணைப்புக் கட்டணம், பிறகு காலம் முழுக்கப் பராமரிப்புக் கட்டணம். "திட்டத்தால் உன் சொத்து மதிப்பு ஏறுகிறது, ஆகவே செலவில் நீ பங்கு கொடு" என்பதுதான் இதற்குப் பின்னால் உள்ள வாதம்.

இந்த வாதம் விவசாயிக்குப் புதிதல்ல. 1955-ல் சென்னை மாகாணத்தில் பாசன மேம்பாட்டுத் தீர்வைச் சட்டம் வந்தது. அணை கட்டினோம், வாய்க்கால் வெட்டினோம், உன் நிலத்தின் மதிப்பு ஏறியது, அதில் பங்கு கொடு என்றது சட்டம். பக்ரா கால்வாய்க்காக இதே போன்ற தீர்வை போட்டதை எதிர்த்து 1959-ல் பஞ்சாப் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அங்கேயாவது வயலுக்குத் தண்ணீர் வந்தது, விளைச்சல் கூடியது. நம் காட்டு ஓரம் பாதாளச் சாக்கடை போனால் எந்த வெள்ளாமை கூடும்?

மதிப்பு ஏறினால் யாருக்கு லாபம்?

"உங்க நிலம் சென்ட் இத்தனை லட்சம் போகுதே, இதைக் கட்ட உங்களுக்கு என்னங்க கஷ்டம்?" என்று கேட்கிறார்கள். விற்கிறவனுக்கல்லவா அந்த விலை? நாம் விற்கவில்லையே! சென்ட் 50 ஆயிரம் ஆனாலும் 5 லட்சம் ஆனாலும் அதே மூட்டைதான் சோளம் விளையும், அதே எண்ணிக்கைதான் தேங்காய் விழும். விலை ஏறியது காகிதத்தில், வரி கட்டுவது கையிலிருக்கும் காசில்.

அந்தக் காகித விலை காசாகிற நாள், அதாவது கிரயம் ஆகிற நாள், அரசு சும்மா இருக்கிறதா? 5 சதம் முத்திரைத் தீர்வை, 2 சதம் சொத்து மாற்றத் தீர்வை, அதோடு பதிவுக் கட்டணம். இதில் அந்த 2 சதம் உள்ளாட்சிக்கென்றே வாங்கப்படுவது. ஆக, மதிப்பு ஏறியதில் உள்ளாட்சிக்கு ஒரு பங்கு ஏற்கெனவே போகிறது. அதே ஏற்றத்துக்கு விற்காதவனிடமும் முன்கூட்டியே வாங்கினால் அது என்ன நியாயம்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பயிர் வைக்காத பருவத்தில் தரிசாகக் கிடக்கும் நிலத்தை எவராவது "காலிமனை" என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். உதாரணத்துக்குச் சதுர அடிக்கு வெறும் 10 காசு போடுவோம். அரையாண்டுக்கு 4,356 ரூபாய், வருஷத்துக்கு 8,712 ரூபாய். 3 ஏக்கர் வைத்திருப்பவருக்கு 26,136 ரூபாய். இதைக் கையிலுள்ள கிஸ்தி ரசீதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழை பொய்த்து நிலம் தரிசான வருஷத்தில், வருமானமே இல்லாத வருஷத்தில், இந்த வரி வந்து நிற்கும். மனைக்காரர் மனையைக் காலியாகப் போட்டு வைப்பது விலை ஏறட்டும் என்று. விவசாயி காட்டைத் தரிசாகப் போட்டு வைப்பது மழை வரட்டும் என்று. இரண்டும் ஒன்றா?

ரோட்டோர நீளத்தைப் பார்த்துப் பங்கு பிரித்தாலும் இதே கதைதான். 300 அடி ரோட்டோரம் காடு வைத்திருப்பவர், 50 அடி மனைக்காரர்கள் 6 பேர் கட்ட வேண்டியதை ஒற்றை ஆளாகக் கட்ட வேண்டும். அந்த 6 வீட்டுக்கும் 6 இணைப்பு உண்டு. காட்டுக்காரருக்கு வேண்டியதோ வண்டி உள்ளே போக ஒரே ஒரு தடம். தோட்டத்துச் சாளைக்கு ஒரு கழிவறை இருக்கும். அதற்கு எதற்கு 300 அடிக்கான சாக்கடைக் காசு?

பணம் முன்னால், வசதி எப்போது?

2011-ல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சிகள் சேர்க்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 ஆனது. பத்து வருஷம் கழிந்தும் சேர்த்த பகுதிகள் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடை போய்ச் சேரவில்லை. அதே 2011-ல் கோவை மாநகராட்சி 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 ஆக விரிந்தது. அப்போது சேர்ந்த குறிச்சி, குனியமுத்தூர் பகுதிகளில் பாதாளச் சாக்கடைக் குழி தோண்டும் வேலை 2020-களிலும் நடந்துகொண்டிருந்தது. பெயர் மாறியது, வரி மாறியது. வசதி மட்டும் பத்து வருஷம் பின்னால் நடந்து வந்தது.

இன்னொரு சங்கதியையும் நாம் மறக்கக் கூடாது. நகரத்துச் சாக்கடை குழாய் வழியே போய் எங்கே விழுகிறது? சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் வேண்டும் என்றால் நகரத்து நடுவிலா தேடுகிறார்கள்? ஊர் ஓரம், ஏரி ஓரம், ஆற்று ஓரம், அதாவது நம் பக்கம்தான் தேடுகிறார்கள். சுத்திகரிக்காமல் விட்டால் கெடுவது நம் கிணறு. குழாய்க்கும் பணம் கட்டி, அதன் கழிவையும் வாங்கிக்கொள்ள நாம் என்ன இளிச்சவாயர்களா?

போவது வரிப் பணம் மட்டுமல்ல

நகர எல்லைக்குள் போனால் ஊரக வேலைத் திட்டம் கிடையாது, அது சட்டப்படி ஊரகத்துக்கு மட்டும்தான். நம்மோடு காட்டில் பாடுபடும் தொழிலாளிக் குடும்பம் அந்த வேலையையும் இழந்து, ஓட்டு வீட்டுக்கு நகராட்சி வரியும் கட்ட வேண்டும். வருஷத்துக்கு 6 தடவை கூடும் கிராம சபை கிடையாது. நம் ஊர் ஜனங்கள் நேருக்கு நேர் எழுந்து நின்று வரவு செலவு கேட்ட ஒரே இடம் அதுதான்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் பாருங்கள். கிராமப்புற நிலம் என்றால் சந்தை மதிப்பை மாநில அரசு முடிவு செய்கிறபடி 1 முதல் 2 வரையிலான எண்ணால் பெருக்கிக் கொடுக்க வேண்டும். நகர்ப்புற நிலம் என்றால் பெருக்கும் எண் 1 தான். நாளைக்கே பைபாஸுக்கோ சுத்திகரிப்பு நிலையத்துக்கோ நம் காட்டை எடுத்தால், "நகரம்" என்ற ஒற்றை வார்த்தையால் நம் இழப்பீடு குறையலாம். வரி கேட்கும்போது நம் நிலம் மதிப்பு கூடிய நிலம், இழப்பீடு கொடுக்கும்போது மதிப்பு குறைந்த நிலம்!

நாம் ஓசியில் கேட்கவில்லை

நல்ல ரோடும் நல்ல தண்ணியும் நமக்கும் வேண்டும். அதற்கு நியாயமான பங்கு கொடுக்கவும் தயார். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பணம் போட்டுப் பள்ளிக்கூடமும் சாலையும் கட்டிய ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனை! சென்னையை ஒட்டிய ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000, கடைகளுக்கு 10,000 என்று ஜனங்கள் முன்பணம் கட்டினார்கள். குடியிருப்போர் சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசி, பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, 2000-ல் வேலையைத் தொடங்கினார்கள். கேட்டுச் செய்தார்கள், கணக்குக் காட்டினார்கள், ஆகவே ஜனங்கள் கொடுத்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: அங்கே பணம் கட்டியது வீடும் கடையும், கம்பங்காடு அல்ல.

தெருவுக்கும் சாக்கடைக்கும் சொத்துக்காரரிடம் தனித் தீர்வை வாங்கும் பழக்கம் ரொம்பப் பழையதாக இருக்கும் நாடு அமெரிக்கா. முதலாளித்துவ நாடான அங்கேயே, சொத்துக்குக் கிடைத்த தனிப் பலனை மிஞ்சிப் பெருமளவு வாங்கினால் அது சொத்தைப் பறிப்பதாகும் என்று 1898-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. கலிஃபோர்னியாவில் 1996 முதல் ஒவ்வொரு சொத்துக்காரருக்கும் தபாலில் அறிவிப்பும் வாக்குச் சீட்டும் போக வேண்டும். திரும்பி வந்த சீட்டுகளில் தொகைக் கணக்கில் எதிர்ப்பு மிகுந்தால் அந்தத் தீர்வையைப் போட முடியாது. மின்னசோட்டா மாநிலத்தில் 1967-ல் வந்த பசுமை ஏக்கர் சட்டப்படி, தகுதியுள்ள பயிர் நிலத்தின் மேல் போட்ட இந்தத் தீர்வையைத் தள்ளி வைக்கலாம். நிலம் விவசாயத்தை விட்டுப் போகும்போதுதான் வசூல். ரியல் எஸ்டேட்டுக்கும் நகர விரிவுக்கும் அமெரிக்காவைப் பார்க்கச் சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கட்டுமே!

நம் கோரிக்கைகள்

1. கிராம சபையின் சம்மதம் இல்லாமல் எந்த ஊராட்சியையும் நகரத்தோடு சேர்க்காதே!

2. அடங்கலில் விவசாய நிலம் என்று இருக்கும் வரை, தரிசாகக் கிடந்தாலும் அதைக் காலிமனை என்று எழுதாதே!

3. சாலை, குடிநீர், சாக்கடைப் பங்குத் தொகையை இணைப்புக் கணக்கில் வாங்கு; ஏக்கர் கணக்கிலோ ரோட்டோர நீளக் கணக்கிலோ வாங்காதே! பயிர் நிலத்தின் பங்கை, அது மனையாக மாறும் நாள் வரை வட்டியில்லாமல் தள்ளி வை!

4. திட்ட மதிப்பீடு, ஒவ்வொருவர் பங்கு, வேலை முடியும் தேதி மூன்றையும் தமிழில் அச்சிட்டு வீடு வீடாகக் கொடு! ஆட்சேபணை கேட்காமல் வசூலிக்காதே! இணைப்பு கொடுக்கும் முன் கட்டணம் கேட்காதே!

5. நகரத்தோடு சேர்த்த நிலத்தை எடுத்தால், சேர்ப்பதற்கு முன்பிருந்த கிராமப்புறக் கணக்கிலேயே இழப்பீடு கொடு!

புதிதாக வந்த நகர்களில் குடியிருப்போரும் இதில் நம்மோடு சேர வேண்டியவர்களே. கடன் வாங்கி வீடு கட்டியவருக்கும் இதே டெபாசிட், இதே தோண்டிப் போட்ட ரோடு. அவர்களையும் நம்மையும் மோதவிட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

விவசாயி நிலத்தை இழப்பது ஒரே நாளில் நடப்பதில்லை. முதல் வருஷம் வரி பாக்கி. இரண்டாம் வருஷம் பாக்கிக்கு அபராதம். மூன்றாம் வருஷம் புரோக்கர் வாசலுக்கு வந்து, "ஏனுங்க, எதுக்கு இந்தத் தொந்தரவு? ஓரமா 20 சென்ட் குடுத்துட்டா எல்லாத்தையும் கட்டிப்போடலாமே" என்பார். அந்த 20 சென்டில் கம்பி வேலி விழுந்த பிறகு பின்னால் உள்ள காட்டுக்குத் தடம் இருக்காது. அப்புறம் அதையும் கொடுத்துவிட வேண்டியதுதான். முதல் ரசீது வரும்போதே நாம் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஆகவே வருகிற கிராம சபைக்கு ஒரு வீடு விடாமல் வாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் நம் தீர்மானம் ஏறியதா என்று கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், நகல் வாங்குங்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் சிட்டா, அடங்கல் நகலோடு ஆளுக்கொரு மனு கொடுப்போம். ஒரு மனுவைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடலாம், ஊரே சேர்ந்து கொடுத்த மனுவை மூட எந்த ஆபீஸிலும் பெட்டி கிடையாது.

கேட்காமல் போட்ட வரியைக் கேள்வி கேட்போம்!
பயிர் நிலத்தைப் பயிர் நிலமாகவே காப்போம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!