பழைய வீடு... எத்தனை கையெழுத்து?

என் சித்தப்பா மகள் அறந்தாங்கியில் ஒரு பழைய வீட்டை விலை பேசினாள். அவள் தனியார் பள்ளி டீச்சர். மாப்பிள்ளை செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். பதினொரு வருடமாக வாடகை வீடு. புதிதாகக் கட்டலாம் என்றால் மனை வாங்கும்போதே கையில் இருக்கும் காசு தீர்ந்துவிடும். அப்போதுதான் புரோக்கர் இந்த வீட்டைக் காட்டினார். சீமை ஓடு, முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கிணறு, இரண்டு தென்னை. கடைத்தெரு நடக்கும் தூரம். 22 லட்சம் என்றார்கள். அன்றைக்கே அவள் எந்த ரூமில் பீரோ வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் சுவரைத் தட்டிப் பார்ப்போம். தட்ட வேண்டியதுதான். உத்திரத்தில் கரையான் மண் கோடு ஓடியிருக்கிறதா, அடிச்சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறதா, கைமரம் எங்கேயாவது வளைந்திருக்கிறதா என்று ஒரு நல்ல கொத்தனாரையும் தச்சரையும் கூட்டிப்போய்ப் பார்த்துவிடலாம். முடிந்தால் ஐப்பசி மழையில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். வெயிலில் பேசாத ஓடு மழையில் பேசும். அந்தப் பக்கத்து வீடுகளில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு எதை எதை மாற்றினீர்கள்? ஓட்டை மட்டும் மாற்றிவிட்டு, நனைந்த மரத்தை அப்படியே விட்ட வீடுகள் உண்டு. தங்கச்சி பார்த்த வீட்டில் சமையல்கட்டுப் பக்கம் இரண்டு கைமரம் போயிருந்தது. அவ்வளவுதான். மரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

மாற்ற முடியாத விஷயம் பத்திரத்தில் இருந்தது.

அந்த மனை வாங்கிய தாய்ப் பத்திரம் 1958-ஆம் வருடத்தது. அதில் ‘தஞ்சாவூர் ஜில்லா, அறந்தாங்கி தாலுகா’ என்று இருப்பதைப் பார்த்து மாப்பிள்ளை திடுக்கிட்டு எனக்கு போன் செய்தார். "அக்கா, இது வேற ஊர்ப் பத்திரமா இருக்குமோ?" பயப்பட ஒன்றுமில்லை. புதுக்கோட்டை மாவட்டம் பிறந்ததே 1974 ஜனவரி 14-ல்தான். அதற்கு முன் அறந்தாங்கி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே அந்தக் காலத்துப் பத்திரத்தில் தஞ்சாவூர் என்று இருந்தால்தான் சரி!

அதைவிட சக்குபந்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும். ‘இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் கொல்லைக்குத் தெற்கு’ என்று எழுதியிருக்கும். அந்த இன்னார்கள் யாரும் இப்போது உயிரோடு இருக்க மாட்டார்கள். இன்றைக்கு அந்த இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று தெருப் பெரியவர்களிடம் கேட்டு, பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டேப் பிடித்து அளந்து பத்திர அளவோடு ஒப்பிடுங்கள். கிணறு பொதுவா, பக்கச் சுவர் யாருடையது, ஓட்டுத் தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் விழுகிறது என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. மனை கோயிலுக்கோ வக்ஃபுக்கோ சொந்தமாக இருந்து, கட்டடம் மட்டும் இவர்களுடையதாக இருக்கும் வீடுகளும் நம் பக்கம் உண்டு. வெளியே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். அதற்கும் முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்கு அடமானம் எதுவும் இல்லை, சுத்தமாக இருந்தது. அதைக் காட்டித்தான் விற்க வந்த அண்ணன் சொன்னார்: "வில்லங்கம் இல்லை, பட்டா என் பேர்ல இருக்கு, வீட்டு வரி என் பேர்ல இருக்கு, இன்னும் என்னம்மா வேணும்?"

வேண்டியது இருந்தது. வில்லங்கச் சான்று என்பது பதிவான பத்திரங்களின் பட்டியல். யார் இறந்தார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று அதில் வராது. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அதை மட்டும் வைத்து ஒருவர் முழு உரிமையாளர் ஆகிவிட முடியாது. வீட்டு வரி ரசீதும் அப்படித்தான்.

கதை இதுதான். மனை வாங்கி வீடு கட்டிய அப்பா உயில் எழுதாமல் 1998-ல் இறந்துவிட்டார். அம்மா 2011-ல் போனார். இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். பெரியவர் இங்கே, சின்னவர் சிங்கப்பூரில். இளைய மகள் 2019-ல் இறந்துவிட்டார். அவருக்குக் கணவர், 21 வயதில் ஒரு பெண், 16 வயதில் ஒரு பையன்.

"பொண்ணுங்களுக்கு அப்பவே நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு. சொத்துல அவங்க வரமாட்டாங்க" என்றார் பெரியவர். அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். மகள்களுக்குச் சொத்துரிமை 1989-ல் வந்தது, 2005-ல் வந்தது என்று நாம் கேள்விப்படுவது எல்லாம் பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அப்பா தானே சம்பாதித்து வாங்கிய சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. சீர் செய்ததும் நகை போட்டதும் அந்தக் கணக்கில் கழியாது. கிறிஸ்தவக் குடும்பத்திலும் மகனுக்கும் மகளுக்கும் சமம். முஸ்லிம் குடும்பம் என்றால் பங்குக் கணக்கு வேறு, ஆனால் மகளுக்குப் பங்கு உண்டு. ஆக, யார் வீட்டை வாங்கினாலும் அந்த வீட்டுப் பெண்மக்களைத் தேடிப் போகாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூத்த மகள் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பாசம் பெரிது, ஆனால் அந்தத் தாள் செல்லாது. வேண்டாம் என்பதை விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் விற்கும்போது அவரும் வந்து கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வந்தார். வந்த இடத்தில், "அந்தக் கிணத்தடியில ஒரு கல் இருக்கு, அதை மட்டும் எடுத்துக்கிறேன்" என்றாராம். அம்மா துணி துவைத்த கல்.

சிங்கப்பூர்க்காரர் விஷயம் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி பக்கம் எல்லா வீட்டிலும் வருவது. அவரால் வர முடியாவிட்டால் அங்கே இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதிச் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிச் செல்லத்தக்கதாக்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் போய்விடும். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவர் பங்குப் பணத்தில் வாங்குபவர்தான் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். 50 லட்சத்துக்குக் கீழே என்றால் வேண்டாம் என்ற சலுகை அவருக்குக் கிடையாது. பிடிக்க மறந்தால் துறை தேடி வருவது வாங்கியவரைத்தான். ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் கூடி வரும்போது அந்தப் பதினாறு வயதுப் பையன் நின்றான்.

இறந்த மகளின் கால் பங்கு அவர் கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் போகிறது. பையனுக்கு வருவது பன்னிரண்டில் ஒரு பங்கு. 22 லட்சத்தில் 1,83,333 ரூபாய். "அப்பா கையெழுத்துப் போட்டா போதும், சின்னப் பையன்தானே" என்றார்கள். வாரிசுச் சான்றிதழில் அவன் பேரை விட்டுவிடலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார். இந்து மைனரின் தனிப் பங்கை, பெற்ற அப்பாவே ஆனாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்றால் அந்தப் பையன் 18 வயது முடிந்த பிறகு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு அந்த விற்பனையைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். அதாவது, தங்கச்சி ஓடு மாற்றி, கழிவறை கட்டி, கிரகப்பிரவேசம் செய்து, நான்கு வருடம் வாழ்ந்த பிறகும் அந்தக் கதவு திறந்தே இருக்கும். அவளுடைய பதினொரு வருடச் சேமிப்பும், வங்கிக் கடனும், அடகு வைத்த தாலிக்கொடியும் அந்த வீட்டுக்குள்தான்.

"அவன் நல்ல பையன், அப்படிச் செய்ய மாட்டான்" என்றார் பெரியவர். இருக்கலாம். ஆனால் அவன் அம்மா இல்லாத பிள்ளை. அம்மா வழியில் அவனுக்கு வருவது இது ஒன்றுதான். அதை அவனுக்குத் தெரியாமல் கழித்துவிட்டு அந்த வீட்டில் குத்துவிளக்கு ஏற்ற எனக்கு மனசு வராது என்று தங்கச்சி சொன்னாள். மாப்பிள்ளை முதலில் கோபப்பட்டார். வேறு ஆள் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். அப்படி ஒருவர் வரவும் செய்தார், 23 லட்சத்துக்கு. அவருடைய வக்கீலும் இதே இடத்தில் நின்றதால் போய்விட்டார்.

அதற்குள் விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்தார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து இதையும் பதிவு செய்ய வேண்டும். மைனர் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வந்த பிறகே கிரயம் என்று அதில் எழுதினார்கள். முன்பணம் வங்கி வழியாக. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் விற்பவருக்கே அபராதம் என்று சொன்னதும் பெரியவர் மறுபேச்சு பேசவில்லை. அப்பா, அம்மா, இறந்த மகள் என்று மூன்று பேருக்கும் தாசில்தார் அலுவலகத்தில் தனித்தனி வாரிசுச் சான்று. பையனின் அப்பா மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டார். விற்பது பையனுக்கு நன்மைதானா என்பதுதான் நீதிமன்றம் பார்ப்பது. எட்டு மாதம் ஆனது. அவன் பங்குப் பணத்தை 18 வயது வரை அவன் பெயரில் வங்கியில் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

அந்த எட்டு மாதமும் இவர்களுக்கு வாடகை ஓடியது. ஆனால் ஒரு நல்லது நடந்தது: பத்திரச் செலவுக்குப் பணம் சேர்ந்தது. 7 சதவிகிதம் முத்திரைத்தீர்வை, 2 சதவிகிதம் பதிவுக் கட்டணம். 22 லட்சத்துக்கு 1,98,000 ரூபாய். வங்கி வீட்டு விலைக்குத்தான் கடன் தரும், இதை நம் கையில் இருந்துதான் போட வேண்டும். கடனும் புது வீட்டுக்குக் கொடுப்பது போலக் கொடுக்க மாட்டார்கள். கட்டடத்தின் வயதைப் பார்த்துக் குறைப்பார்கள். வீட்டு விலையை மட்டும் கணக்குப் போட்டு வட்டிக்கு வாங்கியவர்கள் பலர் உண்டு.

பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் விற்பவர் பக்கம் மட்டும் ஐந்து பேர் விரல்ரேகை வைத்தார்கள். பையனும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவோடு வந்திருந்தான். அவன் கையெழுத்து தேவைப்படவில்லை. வெளியே டீக்கடையில் தங்கச்சி அவனிடம், "தேங்காய் வேணும்னா எப்ப வேணாலும் வந்து பறிச்சுக்கோப்பா" என்று சொல்லியிருக்கிறாள்.

பட்டா மாற்றம், வீட்டு வரி, கரண்ட் இணைப்பு மூன்றுக்கும் மனு போட்டாகிவிட்டது. இப்போது ஐப்பசிக்குள் அந்த இரண்டு கைமரத்தை மாற்ற ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சீமை ஓடு பிரித்து மேயத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் இப்போது பெரிய பாடாக இருக்கிறதாம்.