வெள்ளையாக இருந்தால் சுத்தமா?

ஜவ்வரிசிப் பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் நாம் பார்ப்பது நிறத்தை. பால்போல் வெளுத்திருந்தால் நல்ல சரக்கு, சற்று மங்கினால் அழுக்கு. நவராத்திரி விரதத்துக்குச் சாபுதானா கிச்சடி கிளறும் மகாராஷ்டிர வீடுகளிலும் இதே எண்ணம்தான். இது தவறான நம்பிக்கை. ஜவ்வரிசிக்கு மூலப்பொருள் குச்சிக்கிழங்கு; சேலம், நாமக்கல் மாவட்டங்களின் குச்சிக்கிழங்குத் தொழிலை இந்த நம்பிக்கைதான் கெடுக்கிறது.

வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுகிறோமே, ஏன்? கத்தி பட்ட இடத்தில் திசு உடைகிறது. அதுவரை தனித்தனியாக இருந்த பீனால் பொருள்களும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் ஒன்று சேர்கின்றன. காற்றுப் பட்டதும் கறுக்கிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை முடக்குகிறது, அதிலுள்ள நீர் காற்றை மறிக்கிறது. நம் பாட்டிமார் நொதி என்ற சொல்லை அறியாமலே அதை அடக்கி வைத்திருந்தார்கள்.

குச்சிக்கிழங்கிலும் ஏறத்தாழ இதே கதைதான். பிடுங்கும்போதே காயம் படுகிறது. ஸ்கோபோலெட்டின் என்ற பொருளைப் பெராக்சிடேஸ் நொதி மாற்ற, உள்ளே நீலக் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் கிழங்கு கெட்டுவிடும். உருளைக்கிழங்கு மாதக்கணக்கில் தாங்குகிறதே என்று கேட்கலாம். உருளைக்கு அதுவே விதை. காயத்தை ஆற்றிக்கொண்டால்தான் அது மறுபடி முளைக்கும். இங்கே நாம் நடுவது குச்சியை. கிழங்குக்கு அப்படி ஆறவேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே முதல் மருந்து வேகம். பிடுங்கிய அன்றே ஆலைக்குப் போய், தோலை முழுதாக உரித்து, நல்ல தண்ணீரில் அலசி அரைத்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிட வேண்டும். அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே செடியின் தலையை வெட்டிவிட்டால் கிழங்கு கூடுதலாகத் தாங்கும் என்பதும் சோதித்தறிந்த வழி. இவையெல்லாம் கறுப்பு வராமலே தடுப்பவை.

சில ஆலைகளில் மாவில் சேர்க்கும் வெளுப்பானோ எதையும் தடுப்பதில்லை. தோலோடு அரைத்த மாவையும் நாள்பட்ட கிழங்கின் மாவையும் அது புதுக்கிழங்கு மாவின் நிறத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் சேலத்து ஆலைகளில் திரும்பத் திரும்பச் சோதனை நடத்தி, ரசாயனம் கலந்த சரக்கைப் பறிமுதல் செய்ய நேர்வது இதனால்தான். ஆலைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? தோலுரிக்கக் கூலி கொடுத்து நேர்மையாக அரைத்தவரின் மங்கல் சரக்கை விலை குறைத்துக் கேட்பது சந்தை. அந்தச் சந்தை நாம்தான். இழப்பு கடைசியில் ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ மாவுச்சத்துப் பாயிண்ட் கணக்கில் கிழங்குக்குக் காசு வாங்கும் விவசாயியின் தலையில் விடிகிறது.

இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி (சேகோ) வரத்து நின்றபோது இங்கே வேர்பிடித்த தொழில் இது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயரை வெளுப்பான் புட்டியிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை கடைக்காரர் பளிச்சென்ற சரக்கை முன்னே வைத்தால், தோலுரித்து அரைத்ததா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பக்கத்தில் இருக்கும் மங்கல் மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்கள். அதையும் இதே கேள்வி கேட்டு வாங்குங்கள்.