ரகசியம் எதுவரை?

உளவியல் படிக்கும் நாலு பேர் கூடிய இடத்தில் டாரசாஃப் வழக்கைத் தொட்டால் சண்டைதான். 1969-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த புரொசென்ஜித் பொத்தார், டாட்டியானா டாரசாஃப் என்ற பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் சிகிச்சையாளரிடமே சொன்னார். அவரும் வளாகப் போலீசுக்குத் தகவல் கொடுத்தார். போலீஸ் விசாரித்துவிட்டு, தெளிவாகத்தானே பேசுகிறார் என்று விட்டுவிட்டது. டாட்டியானாவிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. அக்டோபரில் கொலை நடந்தது.

ஆபத்திலிருப்பவரைக் காக்க நியாயமான முயற்சி எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று 1976-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. (நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் பிறரைக் காக்கத் தேவையான அளவு தகவலை வெளியிட அனுமதிக்கிறது.)

தீர்ப்பு சரிதான். ஆனால் போலீஸ் விசாரணைக்குப் பிறகு பொத்தார் சிகிச்சைக்கே வரவில்லை என்பதையும் பேச வேண்டாமா? என் கட்சி இதுதான்: ரகசியம் எதுவரை என்பதை முதல் நாளே, வாய்விட்டு, புரிகிற மொழியில் சொல்லிவிட வேண்டும். படிவத்தின் கடைசியில் பொடி எழுத்தில் போட்டுக் கையெழுத்து வாங்குவதெல்லாம் சொன்னதாகாது. அப்படிச் சொன்னால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள் என்பார்கள். சிலர் திறக்காமல் போகலாம்தான். நம்பிப் பேசிவிட்டு, மறுநாள் வாசலில் போலீஸைப் பார்ப்பவர் அதன்பின் யாரிடம் போய்ப் பேசுவார்?