அமிக்டலாவுக்கு முதல் ஒரு கதிரை

போன மாதம் பீடத்தில ஒரு தலைமைத்துவப் பயிற்சிப்பட்டறை. வளவாளர் திரையில் ஒரு மூளையைப் போட்டார். நடுவில் சிவப்பாய் ஒரு புள்ளி. "இதுதான் அமிக்டலா. முகாமையாளர் ஏசினால் இது பத்திக்கொள்ளும். உடனே பதில் சொல்லாதேங்கோ. மூச்சை இழுத்து விட்டு, பத்து வரைக்கும் எண்ணுங்கோ" என்றார்.

லீவில் புடவைக்கடைக்கு வேலைக்குப் போகிற எங்கட தோழி ஒருத்தி எழும்பினாள். "சேர், நாங்கள் பத்து மணித்தியாலம் நிக்கிறம். இருக்க விடுறேல்லை. அதுக்கு எத்தினை வரைக்கும் எண்ணுறது?"

மண்டபம் சிரித்தது. "நாங்கள் அதைப் பார்க்கிற விதத்தை மாற்ற வேணும்" என்றுவிட்டு அவர் அடுத்த சிலைட்டுக்குப் போனார். முடிவில் நாங்களும் கைதட்டிச் சான்றிதழ் வாங்கினோம். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் நரம்பியலுக்கு எதிரானவர்கள் இல்லை. அதன் பெயரை வைத்து வியாபாரம் செய்கிறவர்களோடுதான் எங்கட சண்டை. 2009இல் கிரேக் பெனற்றும் அவரோடு சேர்ந்தவர்களும் செத்த சால்மன் மீன் ஒன்றை எஃப்.எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து, அதுக்கு மனிதரின் படங்களைக் காட்டினார்கள். புள்ளிவிபரக் கணக்கைத் திருத்தாமல் விட்டபோது செத்த மீனின் மூளையிலும் 'செயற்பாடு' தெரிந்தது. நிறம் போட்ட புள்ளியைக் கண்டவுடன் வாயைப் பிளக்கக்கூடாது என்பதுதான் அதில் பாடம். அமிக்டலாகூட ஆபத்துக்கு மட்டும் அடிக்கிற மணி இல்லை. சந்தோசமான விசயத்துக்கும் அது இயங்கும்.

2008இல் டேவிட் றொக் 'ஸ்கார்ஃப்' என்ற பெயரில் ஐந்து விசயங்களை அடுக்கினார்: அந்தஸ்து, நிச்சயம், சுயாதீனம், உறவு, நியாயம். நல்ல சொற்கள்தான். தோட்டத்திலயும் தொழிற்சாலையிலயும் சங்கம் கட்டினவர்கள் எந்த ஸ்கேனும் இல்லாமல் கேட்டதும் இவற்றைத்தானே? ஆனால் பட்டறைக்குள் வரும்போது நியாயம் 'நியாய உணர்வு' ஆகிவிடுகிறது. சம்பளத்தைக் கூட்டத் தேவையில்லை, மதிக்கிறது மாதிரிக் கதைத்தால் போதும்.

"முதலாளிமார் விஞ்ஞானம் சொன்னால்தான் கேட்பார்கள், அதில என்ன பிழை?" என்று எங்களுக்குள்ளேயே சிலர் கேட்டார்கள். சரி, அப்படியென்றால் விஞ்ஞானத்தை முழுக்கச் சொல்லுங்கோ. பிரித்தானிய அரச ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய வைற்ஹோல் ஆய்வில், அடிமட்டத் தரத்தில் இருந்தவர்கள் இருதய நோயால் இறந்த வீதம் மேல்மட்டத்தில் இருந்தவர்களைவிடச் சுமார் 3 மடங்கு. புகைத்தலும் கொழுப்பும் அதில் ஒரு பங்கைத்தான் விளக்கின. பின்னர் வந்த இரண்டாவது ஆய்வு, தன் வேலை மீது தனக்கே கட்டுப்பாடு இல்லாமல் இருப்பதையும் இருதய நோயோடு தொடர்புபடுத்திக் காட்டியது. உடம்பைப் பற்றிய விஞ்ஞானமே படிநிலையைத்தான் கை காட்டுகிறது. பட்டறையோ கீழே நிற்கிறவளின் மூச்சைத் திருத்தப் பார்க்கிறது.

இந்த நாட்டில் கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலேயே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதுக்கு மேலே என்றால் ஓ.டி. பட்டதாரியாகி வேலைக்குப் போகப்போகிற எங்களுக்கு இதை எந்த வளவாளரும் ஒரு சிலைட்டிலாவது போட்டுக் காட்டினாரா?

அடுத்த பட்டறையில் மூளைப்படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சட்டத்தையும் போடுங்கோ. எங்கட தோழிக்குக் கடையில் ஒரு கதிரை கிடைக்க வழி சொல்லுங்கோ. மூச்சை அதுக்குப் பிறகு ஆறுதலாய் இழுத்து விடுகிறோம்.