‘ஒன்லி’ எந்தச் சொல்லுக்குச் சொந்தம்?

2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். அரசமைப்புச் சட்டம் எழுதிவைத்திருக்கும் உறுதிமொழியில் ‘ஃபெய்த்ஃபுல்லி’ என்ற வினையடை, ‘வில்’ என்ற துணைவினைக்கும் ‘எக்ஸிக்யூட்’ என்ற வினைக்கும் நடுவே நிற்கிறது. ராபர்ட்ஸ் அதை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஒபாமா தயங்கி நின்றார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. சந்தேகம் எதுவும் மிஞ்சக் கூடாதென்று, மறுநாள் வெள்ளை மாளிகையில் உறுதிமொழி மறுபடியும் எடுக்கப்பட்டது.

மொழியியல் அறிஞர் ஸ்டீவன் பிங்கர் இதற்கு ஒரு காரணத்தை ஊகித்தார். துணைவினையையும் வினையையும் பிரித்து நடுவில் வினையடையை வைக்கக் கூடாது என்ற பழைய இலக்கண அச்சம் ராபர்ட்ஸின் நாக்கில் ஊறிப்போயிருந்தது என்பது அவர் கருத்து.

அந்த அச்சத்துக்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. ‘டு’ என்ற சொல்லையும் அதன் வினையையும் பிரிக்கக் கூடாது என்று 1864-இல் கண்டித்து எழுதினார் ஆங்கில நடை பற்றி எழுதிய ஹென்றி ஆல்ஃபோர்டு. பொருள் குழம்புவதைவிடப் பிரிப்பதே மேல் என்று ஆங்கில வழக்கு அறிஞர் ஃபவுலர் 1926-லேயே தம் அகராதியில் சொல்லிவிட்டார். 1966-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் ‘டு போல்ட்லி கோ’வை யாரும் திருத்திச் சொல்வதில்லை. ஆனாலும் அந்த அச்சம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. வினையடை இடம் மாறினால் ஆங்கிலத்தில் பொருளே மாறிவிடும். ‘ஹி ஃபூலிஷ்லி ஆன்சர்ட் த கொஸ்டின்ஸ்’ என்றால், அவர் வாயைத் திறந்ததே மடத்தனம். ‘ஹி ஆன்சர்ட் த கொஸ்டின்ஸ் ஃபூலிஷ்லி’ என்றால், சொன்ன பதில்கள்தான் மடத்தனமானவை. ‘ஐ நியர்லி ஸ்பென்ட் தவுசண்ட் ருபீஸ்’ என்பவர் பெரும்பாலும் செலவு செய்யாமல் தப்பியவர். ‘ஸ்பென்ட் நியர்லி தவுசண்ட்’ என்பவரின் பணம் போய்விட்டது. வங்கிக்கோ நீதிமன்றத்துக்கோ எழுதும் கடிதத்தில் இது சின்ன வேறுபாடு அல்ல.

இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கடினமே இல்லை. ஏனென்றால், இடம் மாறினால் பொருளை மாற்றும் இன்னொரு வினையடையான ‘ஒன்லி’ செய்கிற வேலையை அவர்கள் மூன்று வயதிலிருந்தே செய்துவருகிறார்கள். ‘அண்ணனுக்கு மட்டும் குடுத்த’ என்று அழுகிற குழந்தை, ‘மட்டும்’ எந்தச் சொல்லோடு ஒட்ட வேண்டும் என்பதைத் துல்லியமாக அறிந்திருக்கிறது. ‘தான்’ என்பதும் அப்படித்தான். ஒன்றைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஏகாரத்துக்குப் பிரிநிலை என்று தொல்காப்பியர் பெயரே வைத்திருக்கிறார்.

வேறுபாடு திசையில்தான் இருக்கிறது. தமிழில் ‘மட்டும்’ தான் பற்றும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். எழுத்து ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ பெரும்பாலும் முன்னால் நிற்கும். ‘நாளைக்குத்தான் வருவேன்’ என்று நினைத்து ‘ஐ வில் கம் டுமாரோ ஒன்லி’ என்று நம்மவர்கள் சொல்வது இந்த வழக்கத்தால்தான். பேச்சில் அதற்காக யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை. ‘ஷீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்’ என்பதும் ‘நல்லா இங்கிலீஷ் பேசுவா’ என்ற தமிழ் வரிசையின் நிழலே. வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே இப்படிப்பட்ட வினையடை நுழைவதை ஆங்கிலம் பொறுக்காது என்று ஒரு முறை சொன்னால் போதும்.

ஆனால் பல வகுப்பறைகளில் வினையடை என்பது, அடிக்கோடிட்ட சொல்லைக் கண்டுபிடிக்கும் ஒரு மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிக் கிடக்கிறது. ‘விதம், இடம், காலம்’ என்ற வரிசையை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு அந்த வினையடை எந்தச் சொல்லைப் பற்றி நிற்கிறது என்ற கேள்வி எழுவதே இல்லை. தமிழைக் கூட வைத்துக்கொண்டே இதைக் கற்பிக்க வேண்டும். ஆங்கில வகுப்பில் தமிழே கேட்கக் கூடாது என்ற பிடிவாதம் இங்கே பிள்ளைகளுக்குக் கேடுதான் செய்கிறது.

ஆசிரியர் கரும்பலகையில் ‘ரவி கேவ் மாலா எ பென்’ என்று எழுதட்டும். ‘ஒன்லி’யை முதலில் ரவிக்கு முன்னால் வைக்கட்டும், பிறகு மாலாவுக்கு முன்னால், பிறகு பேனாவுக்கு முன்னால். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் தமிழில் சொல்லட்டும்: ரவி மட்டும் கொடுத்தான், மாலாவுக்கு மட்டும் கொடுத்தான், பேனா மட்டும் கொடுத்தான்.